நெகோமாவின் பிரமிடு: ஏவுகணைத் தடுப்பின் நீண்ட கணக்கு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, வயல்வெளிகளுக்கு நடுவே நெகோமா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகில், உச்சி சீவப்பட்ட பிரமிடு வடிவில் ஒரு கான்கிரீட் கட்டடம் தரைக்கு மேல் ஏறத்தாழ 24 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் சாய்வான நான்கு முகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வட்டம் பதிந்திருக்கும். நான்கு திசைகளையும் ஒரே நேரத்தில் கண்காணிக்கும் ரேடார் ஆன்டெனாக்கள் அவை. அணு ஏவுகணைகளை வானிலேயே அழிப்பதற்காக அமெரிக்கா கட்டி முடித்த முதல் அரண் இதுதான். 'சேஃப்கார்டு' என்பது திட்டத்தின் பெயர். 1970இல் கட்டுமானம் தொடங்கியது. சுமார் 600 கோடி டாலர் செலவானது. 1975 அக்டோபர் 1 அன்று முழுச் செயல்பாட்டுக்கு வந்தது. மறுநாளே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதை மூடுவதற்கு வாக்களித்தது. 1976 பிப்ரவரியில் நெகோமாவின் ரேடார் அணைந்தது. பொறியாளர்கள் தோற்றதால் அது மூடப்படவில்லை. அவர்களிடம் கேட்டதை அவர்கள் செய்து கொடுத்தார்கள். ஆனால், பாய்ந்து வரும் ஒரு ஏவுகணையை வீழ்த்துவது வேறு, யோசித்துச் செயல்படும் ஓர் எதிரியைத் தடுப்பது வேறு. முதலாவதை அறிவியல் 1960களிலேயே சாதித்துவிட்டது. இரண்டாவது இன்றுவரை கைகூடவில்லை. விண்வெளியில் ஆயுதங்களை நிறுத்துவதைப் பற்றி மீண்டும் பேச்சு எழுந்திருக்கும் இன்று, இந்த வேறுபாட்டைக் காட்டும் மிகத் தெளிவான சான்று நெகோமாவின் வரலாறுதான்.

முதல் வெற்றி 1962 ஜூலை 19 அன்று கிடைத்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஏவப்பட்ட அட்லஸ் ஏவுகணையின் முனையை, பசிபிக் கடலின் குவாஜலின் தீவிலிருந்து எழுந்த 'நைக் ஜீயஸ்' சுமார் 2 கிலோமீட்டர் நெருக்கத்தில் கடந்தது. தடுக்கும் ஏவுகணையும் அணுகுண்டைச் சுமந்து செல்லும் என்பதுதான் அன்றைய திட்டம். அந்தக் கணக்கில் 2 கிலோமீட்டர் நெருக்கமே போதுமானது. இருந்தும் பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் மெக்னமாரா ஜீயஸைப் படையில் சேர்க்கச் சம்மதிக்கவில்லை. அதன் ரேடார்கள் இயந்திரத்தால் திரும்புபவை. ஒரு ரேடார் ஒரு நேரத்தில் ஓர் இலக்கைத்தான் பின்தொடரும். எதிரி பத்து வெடிமுனைகளைச் சேர்த்து அனுப்பினாலோ, உண்மையான முனையுடன் போலிகளைக் கலந்துவிட்டாலோ, அரண் திணறிப்போகும். இந்தக் குறையைத் தீர்க்கவே, அசையாமல் நின்றபடி மின்னணு முறையில் கதிரைத் திருப்பும் ரேடாரும், இரண்டு புதிய ஏவுகணைகளும் பிறந்தன. 'ஸ்பார்ட்டன்' விண்வெளிக்கே சென்று தாக்க வேண்டியது. அதன் 5 மெகாடன் குண்டு எக்ஸ் கதிர்களை உமிழ்ந்து எதிரியின் முனையைச் சிதைக்கும். அந்தக் குண்டைச் சோதிக்க 1971 நவம்பரில் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் நிலத்தடி வெடிப்பு நடந்தது. அதை எதிர்த்து வான்கூவரிலிருந்து படகில் கிளம்பியவர்களிடமிருந்துதான் கிரீன்பீஸ் இயக்கம் உருவானது. 'ஸ்பிரிண்ட்' கடைசி நொடிகளுக்கானது. ஸ்பார்ட்டனிடம் தப்பிய முனை காற்றுமண்டலத்துக்குள் நுழைந்த பிறகு அதை எதிர்கொள்ள வேண்டும். சுமார் 8 மீட்டர் நீளமான அந்தக் கூம்பு, கிளம்பிய ஐந்து நொடிகளில் ஒலியைப் போலப் பத்து மடங்கு வேகத்தைத் தொடும். காற்றின் உராய்வில் அதன் மேல்தோல் பழுக்கக் காய்ந்து ஒளிரும். அந்தக் காலத்துக்கு இது வியக்கத்தக்க சாதனை.

சாதனைக்குள்ளேயே ஒரு முரண் இருந்தது. 1962 ஜூலை 9 அன்று ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் அணுகுண்டு ஒன்றை வெடித்துப் பார்த்திருந்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' எனப்படும் அந்தச் சோதனையால், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. விண்வெளியில் தங்கிவிட்ட கதிரியக்கம், மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் உட்படப் பல செயற்கைக்கோள்களைச் சேதப்படுத்தியது. உயரத்தில் வெடிக்கும் அணுகுண்டு, காற்றை மின்னேற்றம் பெறச் செய்து ரேடார் அலைகளை மறிக்கும் என்பதும் தெரிந்தது. அப்படியானால் முதல் ஸ்பார்ட்டன் வெடிப்பே நெகோமாவின் கண்ணைக் கட்டக்கூடும். எதிரியும் தன் முதல் குண்டை அதற்காகவே ஒதுக்கலாம். 1968 மார்ச்சில் 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஹான்ஸ் பெத்தே, ரிச்சர்ட் கார்வின் என்ற இரு இயற்பியலாளர்கள் எழுதிய கட்டுரை இந்தப் பலவீனங்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. இருவரும் அணு ஆயுத ஆய்வில் நேரடியாக ஈடுபட்டவர்கள். அவர்கள் சுட்டிய பலவீனங்களில் போலிகள் குறித்தது எக்காலத்துக்கும் பொருந்தும். காற்றில்லாத வெளியில் இறகும் கல்லும் ஒரே வேகத்தில் செல்லும். வெடிமுனையோடு சேர்த்து உலோகப் பூச்சுள்ள பலூன்களைப் பறக்கவிட்டால், அரை மணி நேரப் பயணத்தின் பெரும்பகுதியில் ரேடாரால் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். முனையையே ஒரு பலூனுக்குள் வைத்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். இது கணினி வேகத்தால் தீரும் பிரச்சினை இல்லை. வெற்றிடத்தின் இயற்பியல் தாக்குபவருக்குத் தரும் சலுகை.

அரசியல் இந்த இயற்பியலைவிட மெதுவாகத்தான் நகர்ந்தது. 1967 செப்டம்பரில் மெக்னமாரா, சீனாவின் சிறு ஏவுகணைப் படைக்கு எதிராக என்று சொல்லி 'சென்டினல்' திட்டத்தை அறிவித்தார். நகரங்களைக் காக்க நகரங்களின் ஓரத்திலேயே அணு ஏவுகணைகளை நிறுத்த வேண்டியிருந்தது. பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் புறநகர்வாசிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1969 மார்ச்சில் அதிபர் நிக்சன் திட்டத்தின் நோக்கத்தையே மாற்றினார்: காக்க வேண்டியது நகரங்களை அல்ல, நிலத்தடியில் இருக்கும் அமெரிக்காவின் மினிட்மேன் அணு ஏவுகணைகளை. நெகோமா தேர்வானது இதனால்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் செனட்டில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. துணைக் குடியரசுத் தலைவர் அக்னியூவின் ஒற்றை வாக்கு திட்டத்தைக் காப்பாற்றியது. இதற்கிடையில் எதிர்த்தரப்புக்கான பதிலை அமெரிக்காவே தயாரித்துக்கொண்டிருந்தது. மாஸ்கோவைச் சுற்றி சோவியத் ஒன்றியம் அமைத்த அரணை முறியடிக்க, ஒரே ஏவுகணையில் பல வெடிமுனைகளைப் பொருத்தித் தனித்தனி இலக்குகளுக்கு அனுப்பும் முறை உருவானது. 1970இல் மூன்று முனைகளுடன் மினிட்மேன் 3 படைக்கு வந்தது. சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமும் எட்டு, பத்து முனைகள் கொண்ட ஏவுகணைகளை நிறுத்தியது. 1972 மே மாதம் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தமும், 1974இல் அதைத் திருத்திய உடன்பாடும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இடம், 100 தடுப்பு ஏவுகணைகள் என்று வரம்பு விதித்தன. நெகோமாவிலும் அதைச் சுற்றியும் 30 ஸ்பார்ட்டன், 70 ஸ்பிரிண்ட், மொத்தம் 100. பத்துப் பன்னிரண்டு சோவியத் ஏவுகணைகளின் முனைகளே அதைத் தீர்த்துவிடும். சபை மூடச் சொன்னதற்குக் காரணம் இந்த எளிய பெருக்கல்தான்.

தாக்குபவரின் பதில் மலிவானது என்பதற்கு விதிவிலக்கு உண்டு என்று ஒருவர் வாதிடலாம். பிரிட்டனின் அனுபவம் அதற்கு ஆதாரமாகவும் தோன்றும். மாஸ்கோவைச் சுற்றியிருந்த 64 தடுப்பு ஏவுகணைகளைத் தாண்ட, பிரிட்டன் தன் போலாரிஸ் ஏவுகணைகளில் போலிகளைப் பொருத்தும் 'ஷெவலின்' திட்டத்தை ரகசியமாக நடத்தியது. நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமலே செலவு 100 கோடி பவுண்டை எட்டியது. 1980இல்தான் வெளியே வந்தது. ஆக, அரண் ஒன்று எதிரியைச் செலவழிக்க வைக்கும் என்பது மெய். ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். ஒரு சில நீர்மூழ்கிக் கப்பல்களை மட்டுமே நம்பியிருந்த நடுத்தர வல்லரசு ஒன்று, முயன்று மாஸ்கோவை மீண்டும் தன் எட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. மாஸ்கோ மக்கள் அந்த அரணால் அணுவளவும் கூடுதல் பாதுகாப்புப் பெறவில்லை. அவர்களை நோக்கித் திரும்பிய முனைகளின் தந்திரம்தான் கூடியது. அரணைக் கட்டியவர் எதிர்பார்த்தது இதை அல்ல.

தரையில் கணக்கு ஒத்துவராதபோது கண்கள் விண்வெளிக்குத் திரும்பின. 1983 மார்ச் 23 அன்று அதிபர் ரீகன், அணு ஆயுதங்களைப் பயனற்றதாக்கும் அரண் ஒன்றை உருவாக்க விஞ்ஞானிகளை அழைத்தார். அதன் தர்க்கம் வலுவானது. ஏவுகணை எரிபொருள் எரிந்து மேலேறும் முதல் மூன்று நான்கு நிமிடங்களில், பல முனைகளும் போலிகளும் இன்னும் பிரிந்திருக்காது. நெருப்பு வால் தெளிவாகத் தெரியும். அப்போதே அடித்தால் வெற்றிடத்தின் சலுகை எதிரிக்குக் கிடைக்காது. ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் எட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்க வேண்டும், அதனால்தான் சுற்றுப்பாதை. லிவர்மோர் ஆய்வகத்தில் எட்வர்ட் டெல்லரின் ஆதரவோடு, அணுவெடிப்பால் இயங்கும் எக்ஸ் கதிர் லேசர் ஆராயப்பட்டது, அது ஆயுதமாகவில்லை. 1987இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் குழு, லேசர், துகள் கற்றை ஆயுதங்கள் பயன்படுமா என்று முடிவெடுப்பதற்கே இன்னும் பத்தாண்டு ஆய்வாவது தேவை என்று அறிக்கை தந்தது. பிறகு வந்த 'பிரில்லியண்ட் பெபிள்ஸ்' திட்டம் லேசரைக் கைவிட்டு, நேராக மோதி அழிக்கும் ஆயிரக்கணக்கான சிறு விண்கலங்களை முன்வைத்தது. 1993இல் அதுவும் ஓரங்கட்டப்பட்டது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 3,000 கோடி டாலர் செலவானது. சுற்றுப்பாதையில் ஓர் ஆயுதம்கூட நிறுத்தப்படவில்லை.

காரணம் பணத் தட்டுப்பாடு மட்டுமல்ல. தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள எந்தப் பொருளும் நொடிக்கு சுமார் 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிடும். எதிரியின் ஏவுதளத்துக்கு மேலே அது சில நிமிடங்களே இருக்கும். எந்த நேரமும் ஒன்றாவது அங்கே இருக்க வேண்டுமென்றால், உலகைச் சுற்றி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நிறுத்த வேண்டும். ஒரே ஓர் ஏவுகணையைத் தடுக்கவே ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட கலங்கள் தேவை என்று 2003இல் இயற்பியல் கழகத்தின் இன்னொரு குழு கணக்கிட்டது. எதிரி ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பத்து ஏவினால் இந்த எண்ணும் பத்து மடங்காக வேண்டும். அவர் ஓர் ஏவுகணையைச் சேர்க்கும்போதெல்லாம் நாம் வானத்தை முழுதாக ஒருமுறை நிரப்ப வேண்டும். ரீகனின் ஆலோசகர் பால் நிட்சே 1985 பிப்ரவரியில் வைத்த அளவுகோல் இதையே கேட்டது: அரண் தாக்குதலுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும், அதைப் பெருக்கும் செலவு, அதை முறியடிக்கும் செலவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ரீகன் அரசுக்குள்ளிருந்தே, ஆயுதக் கட்டுப்பாட்டை நன்கறிந்த ஒருவர் வைத்த இந்த அளவுகோலைவிட நியாயமானது இதுவரை வரவில்லை.

அதன் முதல் பாதியிலும் விண்வெளி ஆயுதம் தேறாது. சுற்றுப்பாதையில் இருப்பதன் பாதை முன்கூட்டியே தெரியும். ஒளிய இடம் கிடையாது. 1985 செப்டம்பரில் அமெரிக்கா போர் விமானத்திலிருந்து ஏவிய ஏவுகணையால் தன் செயற்கைக்கோளை உடைத்தது. 2007 ஜனவரியில் சீனா சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை அழித்தபோது, கண்காணிக்கத்தக்க அளவிலேயே 3,000க்கும் மேற்பட்ட சிதறல்கள் பரவின. 2019 மார்ச்சில் இந்தியா 300 கிலோமீட்டருக்கு அருகே இதையே செய்தது. 2021 நவம்பரில் ரஷ்யாவும் செய்தது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் பாதுகாப்புக் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அதாவது, செயற்கைக்கோளை அடிக்கும் திறன் நான்கு நாடுகளிடம் நிரூபணமாகிவிட்டது. விண்வெளியிலிருந்து ஏவுகணையை அடிக்கும் திறன் எவரிடமும் நிரூபணமாகவில்லை. அணுகுண்டையே சுற்றுப்பாதையில் வெடித்தால் என்ன ஆகும் என்பதை ஸ்டார்ஃபிஷ் ஏற்கனவே காட்டிவிட்டது. வானிலை, வங்கி, தொலைபேசி, கப்பல் வழிகாட்டல் என நாம் அன்றாடம் நம்பியிருக்கும் செயற்கைக்கோள்களும் அதே வெளியில்தான் சுற்றுகின்றன. ஆகவே விண்வெளியில் நடக்கும் போரில் நடுநிலை நாடுகளும் இழக்கும்.

இஸ்ரேலின் அயர்ன் டோம் வெற்றி பெறவில்லையா என்று கேட்பவர்கள் நியாயமான கேள்வியையே கேட்கிறார்கள். அது வெற்றிதான். 2011 முதல் குறுகிய தூர ராக்கெட்டுகளை அது வீழ்த்தி வந்திருக்கிறது. ஊருக்குள் விழப்போவதை மட்டும் தேர்ந்து அடிப்பதால் செலவும் ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது. 2024 ஏப்ரலில் ஈரான் அனுப்பிய டிரோன்களிலும் ஏவுகணைகளிலும் மிகப்பெரும்பாலானவை, பல நாடுகளின் துணையோடு, வழியிலேயே தடுக்கப்பட்டன. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் ஈரான் ஏறத்தாழ 200 பாலிஸ்டிக் ஏவுகணைகளை ஒரே அலையாக அனுப்பியபோது பல இஸ்ரேலின் நெவாட்டிம் விமானத் தளத்தில் விழுந்தன. 2025 ஜூன் போரில் நகரங்களிலும் விழுந்தன; உயிர்கள் போயின. சாதாரண வெடிமருந்து என்றால் பத்தில் ஒன்பதைத் தடுப்பது பெரும் நன்மை. அணுகுண்டு என்றால் தப்பிய அந்தப் பத்தாவது ஒரு நகரம். ஒரே சதவீதம் ஒரு போரில் காப்பாகவும் இன்னொரு போரில் பேரழிவாகவும் இருக்கிறது.

களத்திலிருந்து வரும் எண்களையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 1991 வளைகுடாப் போரில் பேட்ரியாட் ஏறக்குறைய எல்லா ஸ்கட் ஏவுகணைகளையும் வீழ்த்தியதாகப் போரின்போது சொல்லப்பட்டது. பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, வெடிமுனை அழிந்ததற்கு வலுவான ஆதாரம் சுமார் 9 சதவீத மோதல்களுக்கே கிடைத்தது. அவசரமாக நீட்டிக் கட்டப்பட்ட ஈராக்கிய ஏவுகணைகள் வரும் வழியிலேயே உடைந்தன. அந்தத் துண்டுகளே, எவரும் திட்டமிடாமல், போலிகளாகிவிட்டன. பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில், 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடிய ஒரு பேட்ரியாட் கணினியின் கடிகாரம் நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. அந்தப் பிசகால் ரேடார் தவறான இடத்தில் வானத்தைத் தேடியது. ஸ்கட் ராணுவ முகாமில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். பிழை முன்பே கண்டறியப்பட்டிருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். சோதனைத் தளத்தில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும், வரும் ஏவுகணை எதுவென்று தெரியும், மறுமுறை முயலலாம். போரில் இவை எதுவும் கிடையாது. அணுப் போரில் இரண்டாம் வாய்ப்பே இல்லை.

வட கொரியா போன்ற சிறிய படைக்கு எதிராகவாவது பயன்படாதா என்பது இன்னும் கனமான மறுப்பு. 2002 ஜூனில் 1972 ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது இந்த வாதத்தால்தான். இன்று அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் 44 தடுப்பு ஏவுகணைகள் நிற்கின்றன. கால் நூற்றாண்டுச் சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல் வென்றிருக்கின்றன. அவையும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த நிலைமைகளில். ஓர் ஏவுகணைக்கு நாலைந்து தடுப்பு ஏவுகணைகளை அனுப்பித்தான் நம்பிக்கையை உயர்த்த முடியும். சிறிய எதிரியும் பெருகுவார், போலிகளைக் கற்பார் என்பதை ஒதுக்கிவைத்தாலும், பெரிய எதிரிகள் சும்மா இருப்பதில்லை. 2018 மார்ச்சில் ரஷ்ய அதிபர் புதின், தடுப்பு அரண்களைச் சுற்றிச் செல்லும் புதிய ஆயுதங்களை வரிசையாக அறிமுகப்படுத்தியபோது, அமெரிக்கா ஒப்பந்தத்தை விட்டதையே காரணமாகச் சொன்னார். அவர் அதைச் சாக்காகப் பயன்படுத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாக்கை விலை கொடுத்து வாங்கித் தந்தது யார்?

அறத்தின் பெயரால் வரும் மறுப்பே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1967இல் கிளாஸ்போரோவில் சோவியத் பிரதமர் கோசிகின் மெக்னமாராவிடம் சொன்னதும், 1983இல் ரீகன் மக்களிடம் சொன்னதும் ஒன்றுதான்: பழிவாங்குவோம் என்று மிரட்டி அமைதியைக் காப்பதைவிடத் தன் மக்களைக் காப்பது மேலானது. உண்மைதான்; கோடிக்கணக்கான அப்பாவிகளைப் பணயமாக வைத்த அமைதியில் எவரும் பெருமைப்பட முடியாது. ஆனால் காக்கும் விருப்பத்துக்கும் காக்கும் திறனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நல்லெண்ணம் நிரப்பாது. காப்பதாக நம்ப வைத்து, எதிரியின் ஆயுதக் குவிப்பைத் தூண்டி, நெருக்கடி நேரத்தில் தலைவர்களுக்குப் பொய்த் துணிச்சல் தரும் அரண் மக்களை முன்னைவிட ஆபத்தில் தள்ளுகிறது. அறத்தை முன்வைப்பவர்கள் இதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உண்மையில் அணுமுனைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது அரண்கள் இல்லை. 1987இலும் 1991இலும் கையெழுத்தான ஒப்பந்தங்கள். நெகோமாவிலிருந்து சற்றுத் தொலைவில் கவாலியரில் உள்ள சேஃப்கார்டின் இன்னொரு ரேடார் மட்டும் இன்றும் பணியில் இருக்கிறது: ஏவுகணை வருவதை எச்சரிக்க, விண்வெளியில் சுற்றும் பொருட்களைக் கண்காணிக்க. முன்கூட்டியே அறிவதால் தவறான பதற்றம் குறைகிறது. அந்த முதலீடு பலித்தது.

2025 மே மாதம் அதிபர் டிரம்ப், விண்வெளித் தடுப்பு ஆயுதங்களும் அடங்கிய 'கோல்டன் டோம்' திட்டத்தை 17,500 கோடி டாலர் மதிப்பில் மூன்றாண்டுகளுக்குள் முடிப்பதாக அறிவித்தார். ராக்கெட் ஏவும் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது, கணினிகள் கூர்மையாகிவிட்டன என்பது ஆதரவாளர்களின் பதில். இரண்டும் சரி. ஆனால் அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற நிதி அலுவலகம், குறைந்த ஏவுசெலவையும் கணக்கில் சேர்த்து, விண்வெளித் தடுப்புப் பகுதிக்கு மட்டும் 20 ஆண்டுகளில் 16,100 கோடி முதல் 54,200 கோடி டாலர் வரை ஆகும் என்றது; அதுவும் சிறிய எதிரி ஒருவர் ஏவும் ஒன்றிரண்டு ஏவுகணைகளைத் தடுக்க. மலிவான ராக்கெட் எதிரிக்கும் மலிவுதான். சுற்றுப்பாதையின் வேகத்தையோ வெற்றிடத்தின் இயல்பையோ எந்தக் கணினியும் மாற்றாது. எனவே எந்த நாடாக இருந்தாலும், இத்தகைய அரணுக்கு வரிப்பணம் கேட்கும் அரசிடம் குடிமக்கள் மூன்று கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். எதிரி தன் போலிகளை மாற்றிய பிறகும் அது சோதிக்கப்பட்டதா? அதைப் பெருக்கும் செலவு, முறியடிக்கும் செலவைவிடக் குறைவா? அதைக் கட்டியதால் எதிரியிடம் முனைகள் கூடுமா, குறையுமா? இவற்றுக்கு எழுத்தில் நேரான விடை கிடைக்கும்வரை, அதே பணத்தையும் அறிவையும் எச்சரிக்கை ரேடார்களிலும், செயற்கைக்கோள்களை உடைப்பதைத் தடைசெய்யும் உடன்பாட்டிலும், முனைகளைக் குறைக்கும் பேச்சுகளிலும் இடுவதே மக்களை உண்மையில் காக்கும் வழி.